சொல்லிவிட்டுத் திரும்புவோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

  

வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்று பேசுவோம். இன்றைக்கு வண்டியில் இருக்கும் இண்டிகேட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். "நமக்கும் இண்டிகேட்டருக்கும் என்னாங்க சம்பந்தம்? வண்டி ஓட்டுறது ஆம்பளைங்கதானே?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பது எங்கள் காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது அக்கா. நம் தவணைக்கும் அதற்கும்கூட சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறோம்.

நடந்தது என்ன?

சில மாதங்களுக்கு முன்பு நாங்கள் இரண்டு பேர் செங்குன்றத்தில் வேலையை முடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மீன் விற்றுவிட்டு வந்த நம் சகோதரிகள் நான்கு பேரும் அதே வண்டியில் இருந்தார்கள். காலி அன்னக்கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, வண்டியின் பின்பக்கம் வைத்து, தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தோம். ஜி.என்.டி. ரோட்டில் வண்டி நடு லேனில் வந்துகொண்டிருந்தது. ஒரு அக்கா, "தம்பி, இங்கதான் எறங்கணும், ஓரமா நிறுத்து" என்று சொன்னார். ஓட்டுநர் தம்பி இண்டிகேட்டரைத் தட்டினார், வண்டியையும் இடதுபக்கம் ஒடித்தார்.

இடது லேனில் பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அந்த ஓட்டுநர் பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. லாரியின் முனை நம் வண்டியின் பின்மூலையில் இடித்தது. வண்டி ஓரத்துத் தடுப்பில் போய் உரசி நின்றது. கூடைகள் ரோடெங்கும் உருண்டன. உயிருக்கு ஆபத்தில்லை என்பதே பெரிய ஆறுதல். ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஆறு வாரம் அந்த அக்கா கூடை தூக்கவில்லை. மீன் கழுவவில்லை, அரியவில்லை. தினமும் கையில் வந்துகொண்டிருந்த காசு நின்றது. குழுக் கடனில் இரண்டு தவணை நின்றது. குழுவிலுள்ள மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் அதைக் கட்டினார்கள். அதனால்தான் தவணைக்கும் இண்டிகேட்டருக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னோம்.

பிறகு அந்த ஓட்டுநர் தம்பியிடம் பேசினோம். நல்ல பிள்ளை, குடிப்பழக்கம் கிடையாது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்:

"அக்கா, சத்தியமா இண்டிகேட்டர் போட்டேன்க்கா!"

"போட்ட தம்பி. நாங்களும் பாத்தோம். எப்ப போட்ட?"

"திரும்புறப்பதான்க்கா."

அவர் பொய் சொல்லவில்லை. இண்டிகேட்டர் போட்டதும் உண்மை, லாரிக்காரருக்குத் தெரியாததும் உண்மை. திரும்பிக்கொண்டே போட்ட விளக்கு யாருக்குப் பயன்படும்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். இடதுபக்க இண்டிகேட்டர் விளக்கின் மேல் தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தம்பி ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே போட்டிருந்தாலும் லாரிக்காரருக்குத் தெரிந்திருக்காது. அந்தத் தார்ப்பாயைக் கட்டியது யார்? நாம்தான்!

எப்போது போட வேண்டும்?

நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்திருக்கும் ஒவ்வொரு பாதைக்கும் லேன் என்று பெயர். ஒரு லேனிலிருந்து அடுத்த லேனுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இண்டிகேட்டர் போட வேண்டும். திருப்பத்தில் மட்டும் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நேர் ரோட்டிலும் லேன் மாறினால் போட வேண்டும். அதுவும் மாறுவதற்கு முன்னால் போட வேண்டும்.

முன்னால் என்றால் எவ்வளவு முன்னால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் உறுப்பினர்கள் வட்டிக் கணக்கையே மனக்கணக்காகப் போடுகிறவர்கள், இது எம்மாத்திரம்!

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் போகிறது. அப்படியானால் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 22 மீட்டர். நாம் "ஒன்று" என்று எண்ணி முடிப்பதற்குள் பின்னால் வரும் லாரி சில படகுகளை வரிசையாக நிறுத்தும் தூரத்தைக் கடந்துவிடுகிறது. அந்த ஓட்டுநர் நம் விளக்கைப் பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், காலை எடுத்து பிரேக்கில் வைக்க வேண்டும். இதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும். பாரம் ஏற்றிய லாரி நிற்பதற்கு இன்னும் அதிகத் தூரம் வேண்டும்.

ஆகவே லேன் மாறுவதற்குக் குறைந்தது மூன்று நொடிக்கு முன்பாவது இண்டிகேட்டர் எரிய வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஐந்து நொடி கொடுத்தால் இன்னும் நல்லது. நொடி எண்ணத் தெரியவில்லையா? விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். நல்ல நிலையில் இருக்கும் இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னும். ஐந்தாறு முறை டிக் டிக் என்று அடித்த பிறகு திரும்பினால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இன்னும் ஒரு செய்தி. பல வண்டிகளில் ஒரு பக்கத்து டிக் டிக் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு போய்விட்டது என்று அர்த்தம். உடனே மாற்றச் சொல்ல வேண்டும்.

போட்டுவிட்டால் போகலாமா?

கூடாது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இண்டிகேட்டர் என்பது ஒரு அறிவிப்பு. "நான் இந்தப் பக்கம் வர நினைக்கிறேன்" என்று மற்றவர்களுக்குச் சொல்வது. "வருகிறேன், நீ ஒதுங்கு" என்று உத்தரவு போடுவது அல்ல. அந்த லேனில் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவருக்கே முதல் உரிமை. இடம் இருந்தால் மாறலாம். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.

முறை இதுதான்:

1. முதலில் கண்ணாடியில் பின்பக்கம் பார்க்க வேண்டும்.
2. இடம் இருந்தால் இண்டிகேட்டர் போட வேண்டும்.
3. மூன்று முதல் ஐந்து நொடி அதே லேனில் நேராகப் போக வேண்டும்.
4. மறுபடியும் கண்ணாடியைப் பார்த்து, தலையை லேசாகத் திருப்பிப் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குத் தெரியாத இடம் ஒன்று எல்லா வண்டியிலும் உண்டு. ஒரு டூவீலர் முழுதாக அதற்குள் மறைந்துவிடும்.
5. அதற்குப் பிறகு மெதுவாக மாற வேண்டும்.
6. மாறி முடித்ததும் இண்டிகேட்டரை நிறுத்த வேண்டும்.

ஆறாவது விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்களில் ஸ்டியரிங் திரும்பி வரும்போது தானாக அணையும். ஆட்டோவிலும் பெரும்பாலான ஸ்கூட்டிகளிலும் நாம்தான் அணைக்க வேண்டும். அணைக்காமல் போனால், இடதுபக்கம் திரும்பப் போகிறார் என்று நம்பி ஒருவர் குறுக்கே வந்துவிடுவார்.

நம் பாதையில் எங்கெங்கே?

நம் பெண்கள் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வந்து, தச்சூர் கூட்டுரோட்டில் ஜி.என்.டி. ரோடு ஏறி, காரனோடை, சோழவரம் வழியாகச் செங்குன்றம் வரை மீனும் இறாலும் நண்டும் கொண்டு போகிறார்கள். இது சென்னையிலிருந்து கொல்கத்தா வரை போகும் தேசிய நெடுஞ்சாலை. முன்பு இதன் எண் 5. 2010-இல் எண்களை மாற்றிய பிறகு 16. ஊருக்குள் 30, 40 வேகத்தில் ஓட்டிப் பழகிய பிள்ளைகள் அதே பழக்கத்தோடு இந்த ரோட்டில் ஏறுகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சர்வீஸ் ரோட்டிலிருந்தோ பக்கத்து ரோட்டிலிருந்தோ நெடுஞ்சாலையில் சேரும்போது வலது இண்டிகேட்டர் போட வேண்டும். இடைவெளி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்போதும் இதேதான்.

முன்னால் போகும் வண்டியை முந்தும்போது வலது இண்டிகேட்டர் போட்டு வெளியே வர வேண்டும். முந்திய பிறகு இடது இண்டிகேட்டர் போட்டு உள்ளே வர வேண்டும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரண்டு முறை.

திரும்பி வரும்போது பொன்னேரிக்குப் பிரிய வேண்டியவர்கள் தச்சூர் வந்த பிறகு யோசிக்கக் கூடாது. முன்கூட்டியே அந்தப் பக்கத்து லேனுக்கு மாறிவிட வேண்டும். இரண்டு லேன் தாண்ட வேண்டுமானால் ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. ஒரு லேன் மாறி, நேராக்கி, மறுபடி பார்த்து, மறுபடி சிக்னல் காட்டி அடுத்த லேனுக்குப் போக வேண்டும். இடம் தவறிவிட்டால் தவறிவிட்டதுதான். அடுத்த திருப்பத்தில் திரும்பி வரலாம். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் வீட்டில் கோபித்துக்கொள்வார்கள், அவ்வளவுதானே!

இண்டிகேட்டர் பழுதானால் கை இருக்கிறது. வலதுபக்கம் போக வலது கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். இடதுபக்கம் போக அதே வலது கையை வெளியே நீட்டி, கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்ற வேண்டும். இரவில் கை தெரியாது என்பதால் இது பகலுக்கு மட்டுமே உதவும்.

தவறான பழக்கங்கள்

நான்கு விளக்கும் ஒன்றாக மின்னும் சுவிட்ச் ஒன்று உண்டு. வண்டி பழுதாகி நின்றால் மற்றவர்களை எச்சரிக்க அது இருக்கிறது. மழை பெய்தால் பலர் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் மின்னினால் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? மழையில் ஹெட்லைட் போட்டு, வேகத்தைக் குறைத்தால் போதும்.

அதேபோல் லாரிக்காரர்கள் சிலர் "நீ முந்திப் போ" என்று சொல்வதற்கும் இண்டிகேட்டர் போடுகிறார்கள். அவர் வழிவிடுகிறாரா, தானே அந்தப் பக்கம் வரப் போகிறாரா என்பது நமக்குத் தெரியாது. அடுத்தவர் விளக்கை நம்பி நம் வண்டியை நுழைக்கக் கூடாது. நம் கண்ணால் பார்த்த பிறகே போக வேண்டும்.

இது நமக்குப் புதிதா?

இல்லை சகோதரிகளே. நம் ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் முறை, எப்போது வலை கட்டுவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறோம். சொல்லாமல் போய் அடுத்தவர் பாட்டில் வலை கட்டினால் ஊர் சும்மா இருக்குமா? முகத்துவாரத்தில் எதிரே படகு வந்தால் நம் வீட்டு ஆண்கள் கை காட்டி, குரல் கொடுத்து வழி சொல்லிக்கொள்கிறார்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்களுக்கும் விதி உண்டு. பக்கத்தில் வேறு கப்பல் இருக்கும்போது வலதுபக்கம் திரும்பினால் ஒரு குறுகிய ஊதல், இடதுபக்கம் திரும்பினால் இரண்டு ஊதல் கொடுக்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் இந்த ஒழுங்கைத் தரையிலும் கடைப்பிடிக்கச் சொல்கிறோம்.

"இதெல்லாம் ஆம்பளைங்க விஷயம்" என்று சொல்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1914-ஆம் ஆண்டிலேயே ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்ற அமெரிக்கத் திரைப்பட நடிகை, கார் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று காட்டும் கை போன்ற கருவியை உருவாக்கினார். காரின் பின்பக்கத்தில் கொடி போல எழுந்து காட்டும். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் பணமும் கிடைக்கவில்லை, பெயரும் பெரிதாக வரவில்லை. மின்னும் விளக்கு 1939-இல்தான் ப்யூக் கார்களில் வந்தது. பெண் செய்த வேலைக்குக் கணக்கு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இது ஒரு பாடம்!

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 118-ஆம் பிரிவின் கீழ் 2017-இல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வெளியாயின. பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்து, சிக்னல் காட்டிய பிறகே லேன் மாற வேண்டும் என்பது அதில் உள்ள விதி. 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த ஒழுங்குமுறைகளை மீறினால் 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் என்று சேர்த்தார்கள்.

அபராதத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்துபோனார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்களில் 100-க்கு 36 பேர் தேசிய நெடுஞ்சாலைகளில் இறந்தவர்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

ஓட்டுவது அவர்களாக இருக்கலாம். காசு கொடுப்பது நாம், பாரம் ஏற்றுவது நாம், உட்கார்ந்து போவதும் நாம். "ஆம்பளை ஓட்டுறப்ப நாம வாயைத் தொறந்தா மரியாதையா இருக்காது" என்று ஒரு அக்கா சொன்னார். முதன்முதலில் வங்கி மேலாளரிடம் போய்க் கடன் கேட்டபோதும் இதே பயம்தானே இருந்தது? இன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுகிறோம்! மரியாதையாகவே சொல்லலாம். "தம்பி, மொதல்ல இண்டிகேட்டர் போடு, அப்பறம் பொறுமையா ஒதுங்கு" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இறங்கும் இடத்தையும் நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நெருங்கி வந்த பிறகு "நிறுத்து நிறுத்து" என்று கத்தினால் ஓட்டுநர் என்ன செய்வார்? அன்றைக்கு நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. இரண்டு நிறுத்தம் முன்பே சொல்லிவிட்டால், அவருக்கும் சிக்னல் காட்ட நேரம் கிடைக்கும். அவர் பின்னால் வருபவருக்குச் சொல்வதற்கு முன்னால், நாம் அவருக்குச் சொல்ல வேண்டும்.

டூவீலர் ஓட்டும் நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-இல் வந்த மானிய ஸ்கூட்டர் திட்டத்தில் வண்டி வாங்கியவர்களும், கடன் போட்டு வாங்கியவர்களும் நம்மிடையே இருக்கிறீர்கள். துப்பட்டா, முந்தானை, பின்னால் கட்டிய பை எதுவும் விளக்கை மறைக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றி வைக்காதீர்கள். அது முகம் பார்க்க அல்ல, பின்னால் வருபவரைப் பார்க்க!

இந்தக் கூட்டத்தில் நாங்கள் முன்மொழியும் தீர்மானங்கள்:

1. நம் உறுப்பினர்கள் சேர்ந்து அமர்த்தும் ஒவ்வொரு வண்டியிலும், கிளம்பும் முன் ஒருவர் பின்னால் நின்று இடது, வலது இண்டிகேட்டர் இரண்டும் எரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம்.
2. கூடை, ஐஸ் பெட்டி, தார்ப்பாய், கயிறு எதுவும் பின்விளக்குகளை மறைக்காமல் கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் பத்தடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.
3. பல்பு போன வண்டியில் நெடுஞ்சாலை ஏறுவதில்லை.
4. இறங்குமிடத்தை முன்பே சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்வதில்லை.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இரண்டு எண்ணையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிறகு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கை முறிந்த அந்த அக்கா மறுபடி வியாபாரத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார். இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போதெல்லாம் ஏறும் முன் வண்டியின் பின்பக்கம் போய், "தம்பி, லெஃப்ட்டு போடு... ரைட்டு போடு..." என்று பார்த்த பிறகே கூடையை ஏற்றுகிறாராம். முதல் தீர்மானத்தின் முதல் வாரத்துக்கு அவர் பெயரையே எழுதிக்கொள்ளலாமா? கை தட்டுகிறீர்கள், அப்படியானால் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறோம்.

எங்கே போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்வோம். சொன்ன பிறகு திரும்புவோம். போன கூடையோடு பத்திரமாக வீடு வந்து சேருவோம்.